சாத்தியது வேறு, தாழ் போட்டது வேறு

விமானம் ஓட்டக் கற்கப் போகும் தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு,

நான் விமானி இல்லை. பயணியாக ஏறியதே நான்கு முறைதான், அதில் இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு பவர் பிரஸ், நான்கு ஆட்கள். கீல், பின், கொக்கி, தாழ்ப்பாள் நாக்கு என்று மூடித் திறக்கிற சாமான்களுக்கான உதிரிகளை முப்பது வருஷமாகக் கடைந்து கொடுக்கிறேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது தாழ்ப்பாளைப் பற்றிய ஒரு விஷயம் மட்டுமே.

இதை எழுத வைத்தது எங்கள் எதிர்வீட்டுப் பெண். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள். லீவில் வந்தவள் போனில் வீடியோக்களைக் காட்டிக்கொண்டே சிரித்தபடி சொன்னாள்: "அங்கிள், போன மாசம் ஒரு நாள் தலைக்கு மேல இருக்கிற கேனபி லாக்கே ஆகல. ரன்வேல பாதி தூரம் ஓடினப்புறம்தான் படபடன்னு ஆடுது. சார் டக்குன்னு பவரை இழுத்துட்டாரு. இல்லன்னா செம்ம சீன் ஆயிருக்கும்." சிரிக்க வேண்டிய இடம் என்று அவள் நினைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஓட்டறதுக்கு முன்னாடி நீ பாக்கலியா?" என்றேன். "பாத்தேனே, மூடித்தான் இருந்துச்சு."

மூடித்தான் இருந்தது. அந்தச் சொல்லில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் பாட்டி ராத்திரி படுக்கப் போகும்போது இரண்டு கேள்வி கேட்பாள். "கதவைச் சாத்தினியா?" என்று ஒன்று. "தாழ்ப்பாள் போட்டியா?" என்று இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால் இரண்டாவதைக் கேட்காமல் விட்டுவிடுகிற ஆள் இல்லை அவள். நம் பாஷையில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கிறது. சாத்திய கதவு காற்று இல்லாதவரை நிற்கும். தாழ் போட்ட கதவு காற்றிலும் நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சின்ன விமானத்தின் கேனபி என்பது ஓட்டுகிறவர் தலைக்கு மேலே கவிழ்த்த கண்ணாடிக் கூண்டு. பெரும்பாலும் அக்ரிலிக். சில விமானங்களில் முன்பக்கம் கீல் வைத்துப் பின்புறம் தூக்கித் திறக்கும். சிலவற்றில் பின்பக்கம் கீல். பக்கவாட்டில் கவிழ்வது உண்டு, தண்டவாளத்தில் நகர்வது உண்டு. பெங்களூரில் என்.ஏ.எல். ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா-என்ஜி பயிற்சி விமானம் கேனபி வைத்ததுதான். 2021 செப்டம்பர் 3 அன்று முதலில் பறந்தது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் நம் பக்கத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து கடல்மட்டச் சோதனைகளை முடித்தார்கள். உங்களில் சிலர் நாளை அதில் கற்கக்கூடும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். உங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான், பட்டறைக்காரன் பார்வையில் சொல்கிறேன்.

ஓடுபாதையை நோக்கி மெதுவாக உருண்டு போகும்போது விமானத்தின் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வையுங்கள். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ எடை அளவுதான். கேனபியின் சொந்த எடையே அதைவிட அதிகம். ஆகவே பூட்டாத கேனபியும் சாதுவாக உட்கார்ந்திருக்கும். வேகம் 108-க்கு வரட்டும். சின்ன பயிற்சி விமானங்கள் தரையை விடுகிற வேகம் ஏறத்தாழ இதுதான். இப்போது அதே கணக்கு சதுர மீட்டருக்கு 55 கிலோ என்கிறது. வேகம் ஆறு மடங்கானால் அழுத்தம் முப்பத்தாறு மடங்கு. அதோடு வளைந்த கண்ணாடியின் மேல் காற்று விரைந்து ஓடும்போது மேலே அழுத்தம் குறைந்து, கூண்டு மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. இறக்கையைத் தூக்குகிற அதே வேலை கண்ணாடிக் கூண்டின் மீதும் நடக்கிறது. விமானம் தரையை விடத் தயாராகிற அந்த நேரத்தில்தான் கேனபியும் தன் சட்டத்தை விடத் தயாராகிறது.

இதைவிடக் கெட்ட நேரம் வேறு இல்லை. நின்றிருக்கும்போது திறந்தால் ஒன்றுமில்லை. ஐயாயிரம் அடியில் திறந்தால் யோசிக்க நேரம் உண்டு. இது திறப்பதோ ஓடுபாதையின் கடைசிப் பகுதியில், அல்லது மரத்தின் உயரத்தில். வேகம் குறைவு, உயரம் இல்லை, எஞ்சின் முழு மூச்சில். அந்த நொடியில் தலைக்கு மேல் குண்டு வெடித்ததுபோல ஒரு சத்தம், முகத்தில் புயல். செக்லிஸ்ட், மேப், தொப்பி எல்லாம் பறக்கும்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. சித்திரை, வைகாசியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பாருங்கள், வேகவைத்த கிழங்குபோல ஆகிவிடுவீர்கள். அதனால் தரையில் உருளும்போது கேனபியைக் கொஞ்சம் திறந்தே வைத்துக்கொண்டு, கடைசி நிமிஷத்தில் மூடுவது வழக்கம். ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி விமான அகாடமியில் பயிற்சிக்கு ஓடுகிற டயமண்ட் டிஏ-40 விமானத்தில் இதற்கென்றே ஒரு நடு நிலை உண்டு. கைப்பிடியை அதில் வைத்தால் முன் கேனபி சின்ன இடைவெளியோடு நிற்கும், காற்று வரும். தரைக்கு மட்டும்தான் அது. அந்த நிலையில் கிளம்பக் கூடாது என்று விமானக் கையேடே எச்சரிக்கிறது. வரிசையில் காத்திருக்கும்போது சுகமாக இருந்த அந்த நடு நிலையை, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து திடீரென்று அனுமதி வரும்போது மறந்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று நினைத்துப் பாருங்கள்.

வெயில் செய்யும் இன்னொரு வேலை புத்தகத்தில் அதிகம் வராது, பட்டறையில் வரும். அக்ரிலிக் சூட்டில் அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளத் துண்டு 40 டிகிரி கூடுதல் சூடானால் அக்ரிலிக் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் வளரும், அலுமினியம் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. இரண்டையும் சேர்த்துப் பிணைத்த கூண்டு என்ன செய்யும்? முறுக்கிக்கொள்ளும். காலையில் வெண்ணெயில் கத்தி போல இறங்கிய பூட்டுப் பின், மதியம் துளையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். கைப்பிடியோ கடைசிவரை திரும்பிவிடும், ஏனென்றால் நடுவில் உள்ள கம்பியும் இணைப்பும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கைப்பிடி 'பூட்டியாச்சு' என்கிறது. பூட்டுப் பின் துளைக்குள் போகவே இல்லை. எங்கள் பட்டறையில் இதற்குப் பெயர் 'பொய்த் தாழ்'. ஒரு மில்லிமீட்டர் பொய்.

ஆகவே ஒரு கைப்பிடி வழக்கத்தைவிட இறுகலாகத் திரும்பினால், பலம் கொடுத்துத் திருப்பி முடித்துவிட்டோம் என்று திருப்திப்படாதீர்கள். மறுபடி திறந்து மூடுங்கள். அப்புறமும் இறுகினால் கீழே இறங்கிவிடுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் ஒரு வெட்கமும் இல்லை.

கைதேர்ந்தவருக்கும் இது நடக்கும். பெங்களூரில் பழைய மெட்ராஸ் சாலையில் இருந்து எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைப் பக்கம் போகிற சாலைக்குச் சுரஞ்சன் தாஸ் சாலை என்று பெயர். குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ், இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானமான மாருத்தை 1961-ல் முதன்முதலில் பறக்கவிட்டவர். 1970 ஜனவரி 10 அன்று, அதே மாருத்தின் மேம்படுத்திய மாதிரி ஒன்றில் கிளம்பும்போது விழுந்து இறந்தார். அந்த விபத்தைப் பற்றி விமானத் துறையினர் எழுதியவற்றில், கிளம்புகையில் கேனபிப் பூட்டு விடுபட்டதும் பேசப்படுகிறது. அது நீங்கள் கற்கப் போகும் சின்ன விமானம் அல்ல, சோதனை நிலையில் இருந்த போர் விமானம். வேறு காரணங்களும் சேர்ந்திருக்கும். ஆனால் அந்தப் பெயரை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் அவரைவிடக் கைதேர்ந்தவர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பூட்டு ஆள் பார்த்து விடுபடுவதில்லை.

இன்னொரு கதைக்கு நல்ல முடிவு. நெதர்லாந்தைச் சேர்ந்த நரீன் மெல்கும்யான் என்ற பெண் விமானி, எக்ஸ்ட்ரா 330எல்எக்ஸ் என்ற சாகச விமானத்தில் பயிற்சியில் இருந்தார். கோடைக்காலம், நல்ல வெயில். நடுவானில் கேனபி திறந்து நொறுங்கியது. அந்த வீடியோவை 2024 ஜூனில் அவரே வெளியிட்டார், உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கண்ணைத் திறக்கவும் மூச்சு விடவும் திணறிக்கொண்டே ஓட்டுகிறார். பயிற்சியாளர் ரேடியோவில் ஓட்டிக்கொண்டே இரு என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது என்கிறார். பத்திரமாக இறங்கினார். பார்வை முழுதாகத் திரும்ப ஒரு நாளுக்கு மேல், ஏறத்தாழ 28 மணி நேரம் ஆனது.

அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது அவர் யார்மீதும் பழி போடாததுதான். பூட்டுப் பின் தன் இடத்துக்குப் போகவே இல்லை, கிளம்பும் முன் பார்த்த பார்வையில் அதைக் கவனிக்கத் தவறினேன் என்று தன் வாயாலேயே சொன்னார். கண்ணுக்குக் காப்பு இல்லாமல் பறந்ததும் தவறு, காய்ச்சலில் இருந்து உடம்பு முழுதாகத் தேறும் முன் பயிற்சிக்குப் போனதும் தவறு என்றார். கோவிட் வந்து போயிருந்த நேரம் அது. தவறை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல எங்கள் பேட்டையில்கூட ஆள் குறைவு. ரிஜெக்ட் ஆன உதிரியைக் கையில் கொடுத்தால், "மெட்டீரியல் சரியில்ல சார்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

இங்கே ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். கேனபி திறந்த விமானங்களில் பல, பறக்கும் நிலையில்தான் இருந்தன. திறந்த உடனே விமானம் கல்லாகி விழுந்துவிடாது. காற்றின் இழுப்பு கூடும், மேலேறும் வேகம் குறையும், வாலுக்குப் போகும் காற்று கலங்கி ஸ்டிக் நடுங்கும். முன்பக்கக் கீல் உள்ள கேனபி, பெரும்பாலும் சில அங்குலம் தூக்கி மிதந்துகொண்டிருக்கும். பின்பக்கக் கீலும் பக்கவாட்டுக் கீலும் உள்ளவை பிய்த்துக்கொண்டு போகலாம், போகும்போது வாலில் அடித்தால் அது பெரிய ஆபத்து. லேன்கேர் லெகசி போன்ற வேகமான சின்ன விமானங்களில், முன்பக்கக் கீல் கேனபி திறந்து உயிர் போன விபத்துகள் ஒன்றுக்கு மேல் நடந்திருக்கின்றன. ஆகவே எந்த விமானத்துக்கு எது என்று அதன் கையேட்டைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் பொதுவாகப் பார்த்தால், கண்ணாடி கொல்வதைவிடக் கை கொல்வது அதிகம்.

எந்தக் கை? கேனபியைப் பிடிக்கத் தூக்குகிற கை. தலைக்கு மேல் ஏதோ ஆடினால் கை தானாக மேலே போகும். அது மனித சுபாவம், குழந்தைக்கும் அப்படித்தான். ஒரு கை மேலே போனால் உடம்பு திரும்பும், தோள் எழும்பும், மறு கையில் இருக்கும் ஸ்டிக் அறியாமல் பின்னால் வரும். மூக்கு தூக்கும், வேகம் விழும். இருநூறு அடியில் வேகம் விழுந்தால் மீட்க இடம் இல்லை. அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. விமானிகளுக்கு வெளியிடும் கையேட்டில், கதவு திறந்துகொண்டால் என்ன செய்வது என்று தனியாகவே ஒரு பகுதி இருக்கிறது. அதன் சாரம்: பதறாதே, விமானத்தை ஓட்டு, கதவை எட்டிப் பிடிக்க பெல்ட்டை அவிழ்க்காதே, சாதாரணமாகச் சுற்றி வந்து இறங்கு, கதவைத் தரையில் மூடிக்கொள்ளலாம்.

ஓடுபாதை மிச்சம் இருந்தால் பவரை இழுத்து நிற்பது, எதிர்வீட்டுப் பெண்ணின் ஆசிரியர் செய்ததுபோல. தரையை விட்டுவிட்டால் ஓட்டுவது. நடுவில் மூன்றாவது ஒன்று இருப்பதாகக் கை நினைக்கும். அதை நம்பாதீர்கள்.

இதைப் பட்டறைக்காரன் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறான் என்று கேட்பீர்கள். என் கையே எனக்குச் சாட்சி. நான்கைந்து வருஷத்துக்கு முன் ஒரு காலை, காருக்கு ரேடியேட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டு, போனில் ஒரு பார்ட்டியோடு விலை பேசிக்கொண்டே பானெட்டைச் சாத்தினேன். 'டக்' சத்தம் கேட்டதா என்று ஞாபகம் இல்லை. வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி எழுபதைத் தாண்டியபோது பானெட் எழும்பிக் கண்ணாடியில் அடித்தது. முன்னால் உலகமே மறைந்துபோனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டியரிங்கில் இருந்த வலது கையை எடுத்து, ஜன்னல் வழியாக வெளியே நீட்டி, பானெட்டை அமுக்கப் பார்த்தேன். எட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீட்டினேன். பின்சீட்டில் இருந்த என் மனைவிதான் "பானெட்டை விடுங்க, ரோட்டப் பாருங்க" என்று கத்தினாள். தலையை வெளியே நீட்டி, ஓரமாகப் பார்த்து, மெல்ல நிறுத்தினேன்.

கார் பானெட்டில் இரண்டு பிடி உண்டு. பெரிய பூட்டு விடுபட்டாலும் சின்னக் கொக்கி ஒன்று தடுத்து நிறுத்தும், விரலை விட்டுத் தள்ளித் திறப்போமே அது. என் வண்டியில் அந்தக் கொக்கி தேய்ந்திருந்தது. தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். தினமும் கொக்கி கடைகிறவன், என் வண்டிக்கு ஒன்று கடைந்து போட நேரமில்லை என்று ஆறு மாதம் தள்ளியிருந்தேன். மனைவி இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த இரண்டாவது கொக்கி விமானத்துக்கும் தேவை என்று அனுபவம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனம் விற்கும் ஆர்வி-10, வீட்டில் வைத்துக் கட்டிக்கொள்ளும் நான்கு இருக்கை விமானம். கதவுகள் இறகுபோல மேல்நோக்கித் திறக்கும். சரியாகப் பூட்டாமல் கிளம்பிக் கதவு பிய்ந்து போன சம்பவங்களுக்குப் பிறகு, நிறுவனமே இரண்டாவது பிடி ஒன்றைக் கொண்டுவந்தது.

எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்த விளக்கின் சுவிட்ச் எதைத் தொடுகிறது என்று கேளுங்கள். இது நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய மிக உபயோகமான கேள்வி. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பவர் பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு காவல் கதவு இருந்தது. கதவு மூடினால்தான் பிரஸ் அடிக்கும், அதற்கு ஒரு லிமிட் சுவிட்ச். சுவிட்ச் பொருத்தியிருந்தது கதவின் சட்டத்தில். கதவு சட்டத்தைத் தொட்டால் விளக்கு பச்சை. தாழ்ப்பாள் நாக்கு போனதா இல்லையா என்பது அந்த சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அதிர்வில் கதவு திறந்தது, பிரஸ் இறங்கியது. தம்பி ஒருவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டது அரை நொடி வித்தியாசத்தில். அப்புறம் சுவிட்சை எடுத்து, நாக்கு முழுதாகப் போய் முட்டுகிற குழியின் அடியில் வைத்தோம். அதே சுவிட்ச், அதே விலை. முன்பு அது 'சாத்தியாச்சு' என்று சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது 'தாழ் போட்டாச்சு' என்று சொல்கிறது.

உங்கள் விமானத்து விளக்கு இந்த இரண்டில் எதைச் சொல்கிறது? ஆசிரியரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மெக்கானிக்கைக் கேளுங்கள். பூட்டுக்கு இரண்டு பக்கம் இரண்டு பின் இருந்தால், இரண்டுக்கும் சுவிட்ச் உண்டா, ஒன்றுக்கு மட்டுமா? கேட்டால் கோபித்துக்கொள்கிற ஆசிரியர் என்றால் அதையும் தெரிந்துகொண்டது நல்லதே.

அப்படியானால் அசைக்கவே முடியாத பூட்டாக ஒன்றைப் போட்டுவிட வேண்டியதுதானே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். முடியாது. விழுந்த விமானத்தில் இருந்து ஆளை வெளியே எடுக்க வேண்டும், உள்ளே இருப்பவருக்குக் கை வராவிட்டால் வெளியே இருந்து திறக்க வேண்டும். கஸ் கிரிஸம் என்ற அமெரிக்க விண்வெளி வீரரை நினைத்துக்கொள்வேன். 1961 ஜூலை 21 அன்று, கடலில் இறங்கி மிதந்த அவருடைய கலத்தின் கதவு நேரத்துக்கு முன்பே வெடித்துத் திறந்தது, கலம் மூழ்கியது, அவர் நீந்தித் தப்பினார். 1967 ஜனவரி 27 அன்று, தரையில் ஒத்திகை நடந்த அப்பல்லோ-1 கலத்துக்குள் தீப்பிடித்தபோது, உள்நோக்கித் திறக்கும் கனத்த கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அதே கிரிஸம். திறக்கக் கூடாதபோது திறந்த கதவும், திறக்க வேண்டியபோது திறக்காத கதவும் ஒரே ஆள் வாழ்க்கையில். பூட்டு வேலை செய்கிற எவனுக்கும் இது மறக்காது. அதனால்தான் விமானத்துப் பூட்டை எளிதில் திறக்கும்படி வைக்கிறார்கள், அதைச் சரியாகப் போடுகிற பொறுப்பை உங்கள் கையில் விடுகிறார்கள்.

இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மாணவர் பூட்டியிருப்பார் என்று ஆசிரியர் நினைப்பார். ஆசிரியர் பார்த்திருப்பார் என்று மாணவர் நினைப்பார். நம் வீட்டிலும் பாதி நாள் கேஸ் ரெகுலேட்டர் இப்படித்தான் மூடாமல் கிடக்கிறது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருப்பது, விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிற பள்ளி. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் இங்கே வந்தது. இவ்வளவு காலமாக அந்தப் பள்ளியின் விமானங்கள் நம் தலைக்கு மேல் சுற்றுகின்றன. நாம் அண்ணாந்து பார்ப்பது ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேர், ஒருவர் கையை ஒருவர் நம்பிக்கொண்டு. உங்களுக்கும் அப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பார். அவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், வாய்விட்டுச் சொல்லி, உங்கள் பக்கத்துப் பின்னை நீங்கள் தொட்டு, அவர் பக்கத்துப் பின்னை அவர் தொடட்டும். சத்தமாகச் சொல்வதைக் கூச்சமாக நினைக்காதீர்கள். எங்கள் பட்டறையில் பிரஸ் ஓட்டுபவன் ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் அடிக்கு முன் "கை வெளியே" என்று கத்துவான். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். பத்து விரலும் இருக்கிற ஆளாகத்தான் அவன் ரிடையர் ஆகப்போகிறான்.

செக்லிஸ்ட் படிக்கும்போது நடுவில் ரேடியோவில் கூப்பிட்டால், பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் தொடராதீர்கள். இரண்டு வரி மேலே போய் ஆரம்பியுங்கள். என் பானெட் கதை முழுக்க ஒரு போன் அழைப்பின் கதைதான்.

அப்புறம், கண்ணுக்கு ஒரு கண்ணாடி. வெயிலுக்குப் போடுகிறதே போதும், ஆனால் காதோடு இறுகப் பிடிப்பதாக இருக்கட்டும். நரீன் கற்றுக்கொண்டதை நீங்கள் மறுபடி சொந்தமாகக் கற்க வேண்டியதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வரி. அரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, சிலர் வீட்டையே அடமானம் வைத்துப் பிள்ளையை அனுப்புகிறீர்கள். வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், ஒவ்வொரு மணிக்கும் மீட்டர் ஓடுகிறது. அது தெரிந்த பிள்ளை, கேனபி சரியில்லை என்று பாதியில் திரும்பி வந்தால் 'ஒரு மணி நேரக் காசு போச்சே' என்று உள்ளுக்குள் கணக்குப் போடும். அந்தக் கணக்கைப் பிள்ளை போடாமல் இருக்க, அதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: திரும்பி வந்தால் யாரும் கேட்க மாட்டோம் என்று.

நம் பக்கத்துக்கு விமானம் புதிதில்லை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியில் கட்டிய விமானத்தை 1910-ல் பல்லாவரத்தில்தான் ஓட்டிப் பார்த்தார். அவருக்கு மேலே கண்ணாடியும் இல்லை, கூண்டும் இல்லை, பூட்ட ஒன்றும் இல்லை. முகத்தில் நேராகக் காற்று. அந்தக் காற்றைத் தடுக்கத்தான் பிறகு கேனபி வந்தது. அதோடு தாழ்ப்பாளும் வந்தது, நானும் வந்தேன்.

இப்போது எங்கள் திருமுடிவாக்கம் பேட்டையில் துல்லிய உற்பத்திக்கான பெரிய கூட்டு வசதியைப் பற்றியும், விமான உதிரி செய்யலாம் என்றும் கூட்டங்களில் பேசுகிறார்கள். என் பட்டறைக்கு அந்த வேலை வருமோ வராதோ. ஆனால் எதிர்வீட்டுப் பெண் அன்று போன பிறகு, ஒரு பலகையில் ஐந்து தாழ்ப்பாள் அடித்து வைத்தேன். ஒன்று கேம் வகை, ஒன்று கொக்கி, ஒன்று சறுக்குப் பின், இரண்டு கைப்பிடிப் பூட்டு. ஐந்தும் மூடியிருக்கும். ஐந்தின் கைப்பிடியும் 'பூட்டியாச்சு' என்ற இடத்தில்தான் நிற்கும். அதில் ஒன்று பொய்த் தாழ். எது என்பதைத் தினமும் காலையில் மாற்றி வைப்பேன்.

போன வாரம் அவளை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன். கண்ணால் பார்த்து இரண்டு முறை தவறாகச் சொன்னாள். மூன்றாவது முறை கண்ணைக் கட்டிவிட்டேன். ஒவ்வொன்றாக விரலால் தடவி, கட்டை விரலால் கீழிருந்து மேலே தள்ளிப் பார்த்து, நாலாவதில் நிறுத்தினாள்.

ஊருக்குக் கிளம்பும் முன் நீங்களும் ஒரு நடை வாருங்கள். சிட்கோ மெயின் கேட்டில் இருந்து உள்ளே வந்து, டீக்கடைக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது ஷெட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. மத்தியானம் வந்தால் இன்னும் நல்லது, தகரக் கூரையின் கீழ் பலகை நன்றாகச் சூடேறியிருக்கும்.

இப்படிக்கு,
திருமுடிவாக்கம் லேத் பட்டறைக்காரன்